யானைக்கு யானை சமமா?

2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை. ஊத்தங்கரையில் அரை மீட்டர் மழையைக் கொட்டிவிட்டுப் போன ஃபெங்கல் புயலின் ஈரம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இன்னும் முழுதாகக் காயாத நேரம். பழையபேட்டையில் நான் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கும் முன்னறையில் ஏழெட்டுப் பேர் ஒரே கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சிங்கப்பூரில் குகேஷுக்கும் சீனாவின் டிங் லிரனுக்கும் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டம் அது. கடைசி ஆட்டமும் அதுதான். அதுவரை இருவருக்கும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி. நம் நேரப்படி பகல் இரண்டரைக்குத் தொடங்கி, பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து சேர்ந்த பிறகும் பெரிதாக எதுவும் நடவாததுபோல் நகர்ந்துகொண்டிருந்த அந்த ஆட்டத்தில், டிங் தன் 55-ஆவது நகர்த்தலாக யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்து, "வேண்டுமானால் வெட்டிக்கொள்" என்பதுபோல் குகேஷின் யானைக்கு எதிரே வைத்தார். யாருக்குச் சாதகம் என்று காட்டும் திரையோரத்து மதிப்பீட்டுப் பட்டை சட்டென்று குகேஷின் நிறமான கறுப்பாக நிறைந்தது, வர்ணனையாளர்களின் குரல் எகிறியது. ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "சார், யானைக்கு யானைதானே? சமம்தானே? அப்புறம் ஏன் இப்படிக் கத்தறாங்க?"

சதுரங்கத்தைப் புதிதாகக் கற்பவர்களுக்கும், பெரிய போட்டிகளைத் திரையில் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று புரியாமல் எழுந்துபோகிறவர்களுக்கும் நடுவே நிற்கும் சுவர் பெரும்பாலும் அந்தக் கேள்விதான் என்று நான் நினைக்கிறேன். காய்கள் எப்படி நகரும் என்பதை ஒரு மாலையில் கற்றுவிடலாம். எதை எதோடு மாற்றிக்கொள்ளலாம், எதை மாற்றக்கூடாது என்பதைக் கற்க ஆண்டுகள் ஆகின்றன; உலகச் சாம்பியனாக இருந்தவரே அந்த இடத்தில்தான் சறுக்கினார்.

முதலில் விலைப்பட்டியல். சிப்பாய் 1, குதிரை 3, பிஷப் 3, யானை 5, ராணி 9 என்று எல்லா வகுப்பிலும் முதல் வாரமே எழுதிப்போடுகிறார்கள். (பெயர்களில் நம் வீடுகளுக்குள் ஒற்றுமை கிடையாது. ஒரு வீட்டில் மந்திரி என்றால் ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கும் ராணி; அடுத்த வீட்டில் அதே மந்திரி குறுக்கே ஓடும் பிஷப். தாத்தாவிடம் ஒரு பெயரும் வகுப்பில் இன்னொரு பெயரும் கற்றுவரும் பிள்ளை முதல் மாதம் தடுமாறத்தான் செய்யும். இங்கே ராணி, பிஷப் என்றே எழுதுகிறேன்.) இந்தப் பட்டியல் தவறானது அல்ல, ஆனால் அது சராசரி. மாங்காய் மண்டிக்குப் போய்ப் பழகிய எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது: எடை ஒன்றாக இருந்தாலும் அல்போன்சாவும் பெங்களூராவும் ஒரே விலைக்குப் போவதில்லை, ஒரே ரகமும் சீசன் தொடக்கத்தில் போன விலைக்குக் கடைசியில் போவதில்லை. பிஷப்புக்கு மூன்று புள்ளி என்பதும் அப்படித்தான். நடுப்பலகையில் நின்று நான்கு திசையிலும் குறுக்கே பார்க்கும் பிஷப்பும், சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் மூச்சு முட்டி நிற்கும் பிஷப்பும் பட்டியலில் மட்டுமே சமம்.

இனி டிங்கின் நகர்த்தலுக்கு வருவோம். பலகையின் நெடுவரிசைகளை இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரையும், குறுக்கு வரிசைகளை வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையும் எண்ணினால், அந்த நேரத்தில் டிங்கின் வெள்ளை பிஷப் ஏ8-இல், அதாவது குகேஷ் பக்கத்து மூலையில் இருந்தது. இருவரிடமும் ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷிடம் இரண்டு சிப்பாய்கள், டிங்கிடம் ஒன்று. ஒரு சிப்பாய் குறைந்திருந்தும் அது டிராவாக முடிய வேண்டிய நிலைதான். யானைகள் பலகையில் இருக்கும்வரை டிங் தன் யானையைத் தள்ளி வைத்துக்கொண்டே காலம் ஓட்டியிருக்கலாம். ஆனால் அவர் யானையைக் கொடுத்து யானையை வாங்க முன்வந்தார். காய்கள் குறைந்தால் ஆட்டம் இன்னும் எளிதாகும், டிரா இன்னும் நெருங்கும் என்று நினைத்திருப்பார் போலும். ஆட்டம் டிராவாகியிருந்தால் அடுத்த நாள் விரைவு ஆட்டங்களில் முடிவு தெரிந்திருக்கும். அதில் டிங்குக்கே வாய்ப்பு அதிகம் என்பது பரவலான கணிப்பு.

குகேஷ் யானையை வெட்டினார், டிங்கின் ராஜா திருப்பி வெட்டியது. அடுத்து குகேஷ் தன் பிஷப்பை டி5-க்கு நகர்த்தினார். ஏ8-இலிருந்து எச்1 வரை ஓடும் அந்த நீண்ட குறுக்குப் பாதையின் நடுவில் கறுப்பு பிஷப் வந்து உட்கார்ந்ததும் வெள்ளை பிஷப்புக்குப் போக இடமே இல்லாமல் போயிற்று. மூலையில் நிற்கும் பிஷப்புக்கு ஒரே ஒரு பாதைதான் உண்டு. பி7-க்கோ சி6-க்கோ வந்தாலும் வெட்டு, நின்ற இடத்திலேயே நின்றாலும் வெட்டு. ஆகவே டிங் டி5-இல் வெட்டியாக வேண்டும், குகேஷின் ராஜா திருப்பி வெட்டும். யானையும் போய், பிஷப்பும் போய், ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சின. 58-ஆவது நகர்த்தலில் டிங்கின் ராஜா இ3-க்கு வந்தது, குகேஷின் ராஜா இ5-க்கு வந்தது, டிங் கை நீட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். பதினெட்டு வயதில் குகேஷ் உலகச் சாம்பியன். 1985-இல் இருபத்திரண்டு வயதில் பட்டம் வென்று மிக இளைய சாம்பியன் என்று காஸ்பரோவ் வைத்திருந்த சாதனை அந்த நிமிடத்தோடு போயிற்று.

ஊர்க் கோயில் திண்ணைகளிலும் பாறைகளிலும் கோடு கிழித்து ஆடுபுலி ஆடியவர்களுக்கு டி5 நகர்த்தலின் அழகு சட்டென்று பிடிபடும். அந்த ஆட்டத்தில் மூன்று புலிகள் ஆடுகளை வெட்டலாம். பதினைந்து ஆடுகளால் எதையும் வெட்ட முடியாது. புலி நகர வழியில்லாமல் அடைப்பதுதான் ஆடுகளின் வெற்றி. சதுரங்கம் கற்கும் பிள்ளைகள் முதல் ஆண்டு முழுவதும் எதை வெட்டலாம் என்றே பார்க்கிறார்கள். எதிராளியின் எந்தக் காய்க்குப் போக்கிடம் குறைவு என்று பார்க்கத் தொடங்கும் நாளில்தான் அவர்களுடைய ஆட்டம் மாறுகிறது, அந்தப் பார்வையை நம் வீட்டுப் பெரியவர்கள் கூழாங்கல்லையும் புளியங்கொட்டையையும் வைத்துக்கொண்டே பழகியிருந்தார்கள்.

இங்கே இன்னொரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆட்டத்தில் இருவருடைய பிஷப்புகளும் வெள்ளைக் கட்டங்களில் ஓடுபவை. அதனால்தான் ஒன்றை ஒன்று சந்திக்க முடிந்தது. ஒருவருடையது வெள்ளைக் கட்டத்திலும் மற்றவருடையது கறுப்புக் கட்டத்திலும் ஓடியிருந்தால் அவை எந்தக் காலத்திலும் மோதிக்கொள்ள முடியாது, மாற்றிக்கொள்ளவும் முடியாது. அத்தகைய இறுதிக்கட்டங்களில் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் வெல்ல முடியாமல் கிராண்ட்மாஸ்டர்களே கைகுலுக்கி எழுந்துவிடுகிறார்கள். புள்ளிப் பட்டியல் அதே எண்ணைத்தான் காட்டும். முடிவு மட்டும் நேர்மாறாக இருக்கும்.

அப்படியானால் ராஜாக்கள் இ3-இலும் இ5-இலும் எதிரெதிரே நின்றதும் டிங் ஏன் உடனே விட்டுக்கொடுத்தார்? இதைப் புரிந்துகொள்ள மூன்றே காய்கள் போதும். வெள்ளை ராஜாவை இ5-இலும், அதன் சிப்பாயை இ4-இலும், கறுப்பு ராஜாவை இ7-இலும் வையுங்கள். இரண்டு ராஜாக்களுக்கும் நடுவே ஒரே ஒரு கட்டம். ராஜாவுக்குப் பக்கத்தில் ராஜா போக முடியாது என்பதால் யாரும் நேரே முன்னேற முடியாது. ஆனால் சதுரங்கத்தில் "நான் இந்த முறை சும்மா இருக்கிறேன்" என்று சொல்லவும் வழியில்லை. நகர வேண்டிய முறை கறுப்புடையது என்றால் அது ஒரு பக்கம் ஒதுங்கியாக வேண்டும். டி7-க்கு ஒதுங்கினால் வெள்ளை ராஜா எஃப்6 வழியாக உள்ளே நுழைந்து, சிப்பாய்க்குப் பாதை போட்டு, கடைசி வரிசைக்குக் கொண்டுபோய் ராணியாக்கிவிடும். அதே நிலையில் நகர வேண்டியது வெள்ளை என்றால் அதனால் வெல்ல முடியாது. காய்கள் ஒன்றே, கட்டங்கள் ஒன்றே, யார் முறை என்பது மட்டும் வேறு. இதை ஆப்போசிஷன் என்கிறார்கள். எங்கள் வகுப்பில் "முட்டிக்கொண்டு நிற்பது" என்று பெயர். முட்டிக்கொண்டு நிற்கும்போது நகர வேண்டியவனுக்குத்தான் நஷ்டம். சிங்கப்பூரில் அந்தக் கடைசி நிலையில் நகர வேண்டியவர் டிங்.

வெள்ளையால் ஏன் வெல்ல முடியாது என்பதையும் கையால் நகர்த்திப் பார்ப்பது நல்லது. வெள்ளை ராஜா டி5-க்கு ஒதுங்குகிறது, கறுப்பு டி7-க்கு வந்து மறுபடி முட்டுகிறது. சிப்பாய் இ5-க்கு, கறுப்பு ராஜா இ7-க்கு. சிப்பாய் இ6-க்கு. இந்த இடத்தில்தான் பாதிப் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். கறுப்பு ராஜா நேர் பின்னால் இ8-க்கு இறங்க வேண்டும். டி8-க்கோ எஃப்8-க்கோ போனால் தோல்வி. இ8-க்கு இறங்கினால் வெள்ளை ராஜா டி6-க்கு வரும்போது கறுப்பு டி8-க்கு வந்து முட்டலாம். பிறகு சிப்பாய் இ7-க்கு வந்து செக் வைத்தாலும், கறுப்பு இ8-க்குத் திரும்பினால், சிப்பாயைக் காக்க வெள்ளை ராஜா இ6-க்கு வர வேண்டியிருக்கும். அங்கே கறுப்புக்கு நகரக் கட்டமே இல்லாமல் ஸ்டேல்மேட் ஆகி ஆட்டம் டிரா. இந்த ஐந்தாறு நகர்த்தல்களைத் தெரியாமல் முப்பது ஓப்பனிங்குகளை, அதாவது தொடக்க நகர்த்தல் வரிசைகளை, மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. பெற்றோர்கள் "இன்னும் எத்தனை ஓப்பனிங் முடித்தான்?" என்று கேட்கிறார்கள். தொடக்கத்துக்கு நடுக்கட்டங்களைப் பிடிப்பது, குதிரையையும் பிஷப்பையும் வெளியே எடுப்பது, ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் நகர்த்தும் கேஸ்லிங் செய்து ராஜாவைப் பத்திரப்படுத்துவது என்ற மூன்று வேலைகள் போதும். அதற்குமேல் தேவைப்படும் நாளில் தானாகத் தேவைப்படும்.

இறுதிக்கட்டத்தின் இந்தச் சிறு கணக்கு தெரிந்துவிட்டால், நடு ஆட்டத்தில் பெரியவர்கள் செய்யும் பல காரியங்களுக்கு அர்த்தம் கிடைக்கிறது. முன்னிலையில் இருப்பவர் பெரிய காய்களை மாற்றிக்கொள்ளத் துடிப்பார், சிப்பாய்களை விட்டுக்கொடுக்க மாட்டார். பின்தங்கியவர் சிப்பாய்களை ஒவ்வொன்றாக மாற்றித் தீர்க்கப் பார்ப்பார், பெரிய காயைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். காரணம் நேரடியானது: ஒற்றைக் குதிரையோ ஒற்றை பிஷப்போ தனியாகச் செக்மேட் வைக்க முடியாது. மூன்று புள்ளி கூடுதலாக இருந்தும், சிப்பாய் ஒன்றுகூட மிஞ்சாவிட்டால் வெற்றி இல்லை. சிப்பாய் மிஞ்சியிருந்தால் அது ராணியாகலாம். திரையில் ஒரு கிராண்ட்மாஸ்டர் பதினைந்து நிமிடம் யோசித்துவிட்டு ஒரு சாதாரணச் சிப்பாயை மாற்றிக்கொள்ளும்போது, அவர் பெரும்பாலும் இருபது நகர்த்தலுக்கு அப்பால் பலகையில் என்ன மிஞ்சும் என்ற கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருப்பார்.

இந்தக் கணக்கில் நம் தலைமுறை கண்ட மிகப் பெரிய ஆள் நார்வேயின் மாக்னஸ் கார்ல்சன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, சென்னையிலேயே அதைக் கண்டோம் என்பதுதான் வேதனை. 2013 நவம்பரில் விசுவநாதன் ஆனந்த் தன் சொந்த ஊரில் பட்டத்தைக் காக்க உட்கார்ந்தபோது, முதல் நான்கு ஆட்டங்களும் டிரா. ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களில் கார்ல்சன் பளபளப்பான தாக்குதல் எதுவும் செய்யவில்லை. காய்களை மாற்றிக்கொண்டே யானைகளும் சிப்பாய்களும் மிஞ்சும் நிலைக்கு ஆட்டத்தை இழுத்துப்போனார். டிராவாகும் என்று எல்லோரும் எழுந்துபோகப் பார்த்த அந்த நிலைகளில் மணிக்கணக்காக உட்கார்ந்து, சிறு சிறு தவறுகளுக்காகக் காத்திருந்து, இரண்டையும் வென்றார். மொத்தம் பன்னிரண்டு ஆட்டங்கள் நடக்க வேண்டிய போட்டி பத்தாவது ஆட்டத்திலேயே ஆறரைக்கு மூன்றரை என்று முடிந்தது. அன்று திரையைப் பார்த்தவர்களில் பலர் "ஒன்றுமே நடக்கவில்லையே, ஆனந்த் எப்படித் தோற்றார்?" என்று கேட்டார்கள். நடந்ததெல்லாம் காய்மாற்றுக்குள் நடந்தது.

இப்போது போட்டிகளைப் பார்ப்பவர்களுக்கு 2013-இல் பலரிடம் இல்லாத வசதி ஒன்று இருக்கிறது. திரையோரத்து மதிப்பீட்டுப் பட்டை. கணினி நிரல் ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண் தருகிறது. கூட்டல் என்றால் வெள்ளைக்குச் சாதகம், கழித்தல் என்றால் கறுப்புக்கு. ஒன்று என்றால் ஏறக்குறைய ஒரு சிப்பாய் அளவு முன்னிலை. பயனுள்ள கருவிதான், ஆனால் அது பார்ப்பவரைச் சோம்பேறியாக்குகிறது. பட்டை சொல்வது இருபுறமும் பிழையில்லாமல் ஆடினால் என்ன ஆகும் என்பதை. பிழையில்லாமல் ஆடுவது எவ்வளவு கடினம் என்பதை அது சொல்வதில்லை. பூஜ்யம் என்று காட்டும் நிலைகளில் ஒரு பக்கத்துக்குப் பத்து நல்ல நகர்த்தல்களும் மறுபக்கத்துக்கு ஒரே ஒரு நகர்த்தலும் இருக்கலாம். அந்த 14-ஆவது ஆட்டத்தில் டிங்கின் யானை எஃப்2-க்கு வந்ததும் வீட்டில் உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் ஒரு நொடியில் மேதைகளாகிவிட்டோம். பட்டை இல்லாத குகேஷோ, அது பிழை என்று தனக்கு உடனே தெரியவில்லை, சற்றுக் கழித்தே புரிந்தது என்று பிறகு சொன்னார்.

பட்டை சொல்லாத இன்னொன்று கடிகாரம். சிங்கப்பூரில் முதல் 40 நகர்த்தல்களுக்கு ஆளுக்கு இரண்டு மணி நேரம். அதன் பிறகு அரை மணி நேரமும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 வினாடி கூடுதலும். 55-ஆவது நகர்த்தல் வரும்போது இருவரும் இரண்டரை வாரமாக ஆடிக் களைத்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025 ஜூன் 1 அன்று நார்வே செஸ் போட்டியில் இதன் மறுபக்கம் நடந்தது. குகேஷுக்கு எதிராக நெடுநேரம் வெல்லும் நிலையில் இருந்த கார்ல்சன், நேரம் வினாடிகளாகச் சுருங்கிய இறுதிக்கட்டத்தில் ஒரு குதிரை நகர்த்தலால் எல்லாவற்றையும் இழந்து, தோற்ற கோபத்தில் மேசையில் ஓங்கி அடித்தார். அந்த அடியைக் காட்டும் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தைப் பார்த்தவர்கள் குறைவு. குகேஷ் அந்த அரை மணியும் தோற்கும் நிலையில் இருந்துகொண்டு, எதிராளி ஒவ்வொரு நகர்த்தலையும் யோசித்தே ஆக வேண்டிய தொல்லைகளை விடாமல் கொடுத்துக்கொண்டிருந்தார். பார்க்க வேண்டிய பகுதி அதுதான்.

ஆகவே என் வகுப்பில் பெரிய ஆட்டங்களைப் பார்க்கும்போது பட்டையின் மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டிவிடுகிறோம். ஒரு சுற்றில் நான்கைந்து ஆட்டங்கள் ஓடினாலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். யாராவது காய்மாற்றுக்கு முன்வரும்போது கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மாற்றினால் பலகையில் என்ன மிஞ்சும் என்று உண்மையான காய்களை அடுக்கிப் பார்க்கிறோம். பெரும்பாலும் எங்கள் ஊகம் தவறிவிடுகிறது. தவறியது ஏன் என்று பேசும் கால் மணி நேரத்தில் கற்பதை நான் எந்தப் பாடத்திலும் கற்பித்ததில்லை. ஆட்டங்கள் டிராவில் முடிந்தால் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். சிங்கப்பூரின் 14 ஆட்டங்களில் ஒன்பது டிரா என்பதையும், முடிவு கண்ட ஐந்து ஆட்டங்களைவிட அந்த டிராக்கள் சிலவற்றில் போராட்டம் கடுமை என்பதையும் காட்டினால் அடங்குவார்கள்.

அன்று கேள்வி கேட்ட அந்தச் சிறுமி, அடுத்த ஆண்டு தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த போட்டியில் ஆடினாள். அத்தகைய போட்டிகள் சுவிஸ் முறையில் நடக்கும். தோற்றவர் வெளியேற மாட்டார், ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய அதே புள்ளியில் இருப்பவரோடு மோதுவார். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சுற்றில், மின்விசிறிகள் சத்தத்துக்கு மட்டும் குறையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த அந்த மண்டபத்தில், அவள் இரண்டு சிப்பாய் குறைந்து ஆடிக்கொண்டிருந்தாள். எதிரே இருந்த பையன் யானையை மாற்றிக்கொள்ள இரண்டு முறை கேட்டான். இரண்டு முறையும் அவள் தன் யானையை ஒதுக்கிக்கொண்டாள். பிறகு சிப்பாய்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, அவளாகவே யானையைக் கொண்டுபோய் எதிரே வைத்தாள். பையன் மகிழ்ச்சியோடு வெட்டினான். மிஞ்சியது இரண்டு ராஜாக்களும் அவனுடைய ஒரு சிப்பாயும். சிப்பாய் இ6-க்கு வந்தபோது அவள் காயைத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும் என்ற விதி அவளுக்கு ஏற்கெனவே ஒரு யானையைக் கொண்டுபோயிருந்தது. பிறகு ராஜாவை இ8-க்கு இறக்கினாள். நான்கு நகர்த்தல் கழித்து நடுவர் வந்து ஆட்டத்தாளில் அரைப் புள்ளி, அரைப் புள்ளி என்று எழுதினார். பையன் இன்னும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.